சேரன்மாதேவியின் தண்ணீர்ப் பானை

திண்டிவனத்தின் வட்டாரத்தில் உள்ள ஓமந்தூர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்றே அறியப்படுகிறது. பள்ளியில் பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட ஒரு சிறுவன் அதை வீட்டில் சொன்னபோது பெரியவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்னும் வரலாற்றிலும் அவ்வூருக்கு இடம் உண்டு.

வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கித் திருநெல்வேலி மாவட்டச் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், அதாவது மாணவர் ஆசிரியருடன் தங்கித் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் பயிலும் உறைவிடப் பள்ளி, தேசியக் கல்விக்கு முன்மாதிரியாகக் கருதப்பட்டது. அதற்கு 10,000 ரூபாய் தர இசைந்த தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி முதலில் 5,000 ரூபாயைக் கொடுத்தது. பிராமணர் அல்லாதாரும் நன்கொடை அளித்தனர். ஆயினும் அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்தது. ராமசாமி ரெட்டியாரின் மகன் பிராமணப் பிள்ளைகளுக்கென வைத்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக அடிக்கப்பட்டு, அழுதுகொண்டே தந்தையிடம் முறையிட்டான் என்றும், அவர் அதைத் தம்மிடம் தெரிவித்தார் என்றும் பெரியார் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

பிள்ளைகளின் பூசல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு சொல்லை, பள்ளிக்குப் பணம் கொடுத்த காங்கிரஸின் அன்றைய தலைவர்களில் ஒருவரான பெரியாரிடமே தந்தை கொண்டுசென்றதுதான் இதில் முதன்மையானது. தனியே உண்ட இருவரின் பெற்றோர் விதித்த நிபந்தனையைக் காட்டி ஐயர் தம் ஏற்பாட்டை விட்டுக்கொடுக்கத் தயங்க, ப. வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' இதழில் கண்டித்து எழுத, அந்த இருவர் மட்டும் தனியே உண்ணட்டும், இனிச் சேர்பவர்க்கு அச்சலுகை வேண்டாம் என்று காந்தி சமரசம் கூறினார். அடிபட்ட பிள்ளைக்கு இச்சமரசத்தில் ஆறுதல் ஏதும் இல்லை. 1925 ஏப்ரலில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானத்தை ஏற்றது. ராஜாஜி முதலியோர் செயற்குழுவிலிருந்து விலகினர். ஐயர் அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

இந்தப் புகார் ஒரு மாகாணத்தின் அரசியலையே அசைத்ததற்கு, புகார் சொன்ன பிள்ளையின் தந்தை நிலபுலமும் செல்வாக்கும் உடையவர் என்பதும் ஒரு காரணமே. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் இதனினும் கொடிய சொற்களை அன்றாடம் கேட்டு வீடு திரும்பிய அக்காலத்தில், அவர்களின் பெற்றோர் சென்று முறையிடத்தக்க இடம் அரிதாகவே இருந்தது. 2023 ஆகஸ்டில் அதே திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில், உடன் பயின்றோரின் சாதிக் கொடுமையைப் பள்ளியில் தெரிவித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதாவது, சொன்ன பின்னும் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிட்டவில்லை. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கோரியதோடு, 500க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளில் இத்தகைய முறையீடுகளையும் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.