திமிரியிலிருந்து பாரிக்கு: ஒரு பெரிய சீவாளியின் கதை

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் கோயில் கொடை என்றால் நாயனச் சத்தம் இல்லாமல் நடக்காது. கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம், சாமி புறப்பாட்டுக்கு ஒரு மேளம், வசதியுள்ள ஊராக இருந்தால் ராத்திரி மேடை போட்டுத் தனியாக ஒரு நாதஸ்வரக் கச்சேரி. கேட்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கச்சேரி மேடையில் கேட்கும் நாயனம் கொஞ்சம் கனமாக, மனுஷக் குரல் மாதிரி இறங்கிக் கேட்கும். காதைத் துளைக்கும் அந்தப் பழைய கூர்மை அதில் இருக்காது. வாசிப்பவரின் திறமை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. வாத்தியமே வேறு. அது எப்படி வேறானது என்பது சுவாரசியமான வரலாறு.

(நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்று ஒரு சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. அதற்குள் போனால் வெளியே வர முடியாது. இங்கே ஊர் வழக்கப்படி நாயனம் என்றே வைத்துக்கொள்வோம்.)

முதலில் வாத்தியத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நீளமான மரக்குழலுக்கு உலவு என்று பெயர். கீழே புனல் போல விரிந்திருப்பது அணசு. மேல் முனையில் சொருகியிருக்கும் சின்ன உலோகக் குழாய் கெண்டை. அந்தக் கெண்டையின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் சீவாளி. நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்தி, வேகவைத்து, இரண்டு இதழ் ஒட்டினாற்போல மடித்துக் கட்டியது. உதட்டுக்கு நடுவே அந்த இரண்டு இதழும் துடிக்கும்போதுதான் சத்தமே பிறக்கிறது. நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் குஞ்சம் மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. மாற்றுச் சீவாளிகளும், அவற்றின் வாயைச் சரிசெய்யும் ஊசியும்தான் அங்கே தொங்குகின்றன. இரண்டரை அடி வாத்தியத்துக்கு உயிர் கொடுப்பது விரல் நுனி அளவு சமாச்சாரம்!

பழைய காலத்தில் பெரும்பாலும் புழங்கியது திமிரி நாயனம். சுமார் இரண்டு அடிதான் இருக்கும். சுருதி 4 கட்டை, 5 கட்டை என்று உச்சத்தில் நிற்கும். கட்டை என்றால் ஆர்மோனியக் கட்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஏற ஏறச் சுருதியும் ஏறும். ஏன் அவ்வளவு உயரம்? காரணம் ரொம்ப எளிது. நாயனம் தெருவில் வாசிக்கப்பட்ட வாத்தியம். சாமி நாலு மாட வீதியும் சுற்றி வரும். கூட்டம், வாணவேடிக்கை, பக்கத்திலேயே தவில். இத்தனைக்கும் மேலே கேட்க வேண்டுமென்றால் சத்தம் கூர்மையாக இருந்தே ஆகவேண்டும். அடுத்த தெருவில் இருப்பவனுக்கும் சாமி வருகிறது என்று தெரிய வேண்டும். மைக் இல்லாத காலத்தில் மைக்கின் வேலையையும் நாயனமே பார்த்தது. இன்னொன்றும் உண்டு: நின்றுகொண்டோ நடந்துகொண்டோ மணிக்கணக்கில் வாசிப்பவருக்குச் சின்ன வாத்தியம்தான் வசதி.

இந்த ஏற்பாட்டில் குறுக்கே வந்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். நாயனத்தில் அவர் தேடியதும் பாட்டின் குணத்தைத்தான். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிப்பவர், தோடி என்றாலே அவர் பெயர்தான் வரும். அந்த மாதிரி நிதானமான ஆலாபனைக்குத் திமிரி ஒத்துவரவில்லை. உச்ச சுருதியில் மேலே போக இடம் குறைவு, கீழே வந்தால் கனம் இல்லை. இன்னொரு தொந்தரவு மத்திமத்தில். பழைய நாயனத்தில் பிரதி மத்திமம் சுலபமாக விழும், சுத்த மத்திமத்தை உதட்டாலும் மூச்சாலும் வளைத்துத்தான் கொண்டுவர வேண்டும். தோடிக்கோ சுத்த மத்திமம்தான் வேண்டும். ராகத்தின் ஒரு ஸ்வரத்தோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவது என்றால் எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை நாயனம் செய்யும் ஊர். அங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரி கைதேர்ந்தவர். அவரும் பிள்ளையும் சேர்ந்து பல முறை செய்து, வாசித்து, தப்பென்று ஒதுக்கி, மறுபடி துளை போட்டு, கடைசியில் கொண்டுவந்ததுதான் இன்றைக்குக் கச்சேரிகளில் பார்க்கும் பாரி நாயனம். சுருதி 2, 2½ கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்திமமும் நேராகப் பேசியது. நீளமான நாயனத்தையே அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. திருவாரூர் தியாகராஜர் கோயிலின் பாரி நாயனம் பேர் பெற்றது. திமிரிக்கும் பாரிக்கும் நடுவில் இடைப்பாரி என்றும் ஒன்று உண்டு. ராஜரத்தினம் பிள்ளையும் ரங்கநாதன் ஆசாரியும் செய்தது அதைவிடப் பெரிய காரியம் என்றுதான் சொல்ல வேண்டும். கோயில் வாத்தியமாக இருந்ததைக் கச்சேரி வாத்தியமாக, எந்த ராகத்துக்கும் பணியும்படி திருத்தினார்கள்.

சுருதியை இறக்குவது என்றால் குழலை நீட்டினால் போதாதா? கணக்குப்படி 5 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்க, குழல் நீளம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். இரண்டு அடியாக இருந்தது இரண்டரையைத் தாண்டிவிடும். ஆனால் அதோடு முடிவதில்லை. நாயனக் குழலின் உள்துவாரம் கீழே போகப் போக விரியும், கூம்பு வடிவம். அந்தக் கூம்பின் கூர் முனை வெட்டுப்பட்டு, அந்த இடத்தில்தான் கெண்டையும் சீவாளியும் உட்கார்ந்திருக்கின்றன. வெட்டிய முனையில் எவ்வளவு இடம் இருந்திருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு இடத்தைச் சீவாளியும் கெண்டையும் ஈடுசெய்ய வேண்டும். பெரிய குழலில் சின்னச் சீவாளியைப் போட்டால் சுருதி ஏறி நிற்கும். அதைவிட மோசம், கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேராது. ஆகவே வாத்தியம் பெரிதானால் சீவாளியும் பெரிதாக வேண்டும், கெண்டையும் அதற்கேற்ப மாற வேண்டும். ஆசாரி மரத்தில் செய்த வேலையைச் சீவாளி கட்டுபவர் தட்டையில் செய்து முடிக்காவிட்டால் பாரி நாயனம் வெறும் நீளமான கட்டைதான்.

இதே பிரச்சினை மேற்கத்திய வாத்தியங்களிலும் உண்டு. கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் நீட்டி இழுத்து ஊதும் டிராம்போனைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாஸ் டிராம்போன் என்று ஒரு வகை. பிரிட்டிஷ் பேண்டுகளில் அந்தக் காலத்தில் இருந்த ஜி பாஸ் டிராம்போன் நிஜமாகவே நீளமானது. கை எட்டாது என்று இழுப்புக்குழாயில் ஒரு கைப்பிடியே வைத்திருந்தார்கள். இப்போது புழங்கும் பாஸ் டிராம்போனில் கதை தலைகீழ். அதன் அடிப்படை நீளம் சாதாரண டெனர் டிராம்போனின் நீளமேதான், சுமார் ஒன்பது அடி. அகலமான குழாய், வால்வு, பெரிய மவுத்பீஸ் ஆகியவற்றால்தான் அது பாஸ் ஆகிறது. அதனால் எந்த மவுத்பீஸ் என்பது அங்கே பெரிய விவாதம். வின்சென்ட் பாக் கம்பெனியின் 1½ஜி என்ற அளவு நெடுநாள் பொதுவாக இருந்தது, உள்வட்டம் சுமார் 27 மில்லிமீட்டர். (அந்தக் கம்பெனி அளவுகளில் எண் குறையக் குறைய வாய் பெரிது, கடைக்குப் போகிறவர்கள் குழம்பக் கூடாது!) பிறகு 28, 29 மில்லிமீட்டர் என்று பெரிது பெரிதாகப் போனார்கள். கீழ் ஸ்வரங்கள் திறந்து, கனமாக வரும். ஆனால் மூச்சு அதிகம் வேண்டும், உதடு சீக்கிரம் களைத்துவிடும், மேல் ஸ்வரங்களைப் பிடிப்பது சிரமம். கொஞ்சம் மி.மீ. கூடினாலும் வாசிப்பவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

பெரிய சீவாளிக்கும் அதே விலைதான். வணிகவியல் பாஷையில் வரவு செலவு எழுதினால், வரவுப் பக்கத்தில் கனமான நாதம், நீண்ட கார்வை, குரலுக்கு நெருங்கிய சுருதி, கமகத்துக்குத் தாராளமான இடம். செலவுப் பக்கத்தில் முதலாவது மூச்சு. அகலமான இதழ்களைத் துடிக்க வைக்க அதிகக் காற்று வேண்டும், அதே சமயம் உதடு அதை அடக்கியும் ஆள வேண்டும். இரண்டாவது விரல். துளைகள் தள்ளித் தள்ளிப் போய்விட்டதால் கையை விரித்துப் பிடிக்க வேண்டும், சின்ன வயதிலேயே பாரியை எடுத்தால் விரல் எட்டாது. மூன்றாவது, கூடவே ஊதும் ஒத்து. கன்னத்தில் காற்றை நிறுத்தி இடைவிடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார் ஒத்துக்காரர். நாயனத்தின் சுருதி இறங்கினால் ஒத்தும் இறங்கியாக வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை ஒரு படி மேலே போய்க் கச்சேரியில் தம்புராவையே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் சுருதிப் பெட்டி வந்து, ஒத்துக்காரரின் பிழைப்பு ஏறக்குறைய முடிந்தது. ஒருவர் சுருதியை மாற்றியதில் இன்னொருவர் வேலை போனதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நான்காவது செலவுதான் பெரியது: தெருவில் எட்டிக் கேட்கும் கூர்மை குறைந்தது. பாரி நாயனம் சன்னமானது என்று அர்த்தமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். ஆனால் திமிரியைப் போலக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகாது. இந்த இழப்பை ஈடுகட்டியது மைக். கச்சேரி மேடைகளில் மைக் பரவிய பிறகுதான் தாழ்ந்த சுருதி தைரியமான தேர்வாக இல்லாமல் புத்திசாலித்தனமான தேர்வாக மாறியது. கிராமபோன் தட்டும் வானொலியும் இதே பக்கம்தான் நின்றன. வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பவனுக்கு மாட வீதிச் சத்தம் எதற்கு?

இதில் மரியாதையும் கலந்திருந்தது. நாயனக்காரர் மேலே சட்டையில்லாமல், நின்றபடி, பிறர் போகும் வழிக்கு முன்னால் நடந்து வாசிப்பவர் என்ற எண்ணம் ஊறிப்போன காலம் அது. வாய்ப்பாட்டு வித்வானுக்கு மேடையும் ஜமக்காளமும், நாயனக்காரருக்கு வாசலும் வீதியும். ராஜரத்தினம் பிள்ளை கிராப் வெட்டிக்கொண்டு, கோட்டு போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தால்தான் நீளமான நாயனம் கைக்கு வசதி. நீளமான நாயனம் இருந்தால்தான் உட்கார்ந்து நாலு மணி நேரம் கேட்கும்படி வாசிக்க முடியும். எது முதலில், எது பிறகு என்று பிரிப்பது கஷ்டம்.

இந்த மாற்றம் தெற்கே எப்படி வந்தது? சிவகிரியிலிருந்து கிழக்கே போனால் சங்கரன்கோவில், அதற்கப்பால் கழுகுமலை, கோவில்பட்டி. கோவில்பட்டியில் குடியிருந்தவர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). பிறந்த ஊர் தாமிரபரணிப் பக்கத்துக் காருகுறிச்சி. ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகவும் கூட வாசிப்பவராகவும் இருந்து, பாரியின் அந்த நிதானத்தைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மட்டும்தான் நாயனம் வரும் என்ற பேச்சு அவரோடு ஓய்ந்தது. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் சேர்ந்து போகும் 'சிங்கார வேலனே' பாட்டைக் கேட்டால் இவ்வளவு நேரம் சொன்னது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். குரல் எது வளைகிறதோ அதே வளைவில் நாயனமும் வளைகிறது, குரலை அமுக்கவில்லை. நாற்பத்தைந்து வயதைத் தொடாமலே போய்விட்டார் மனிதர்.

கொடைக்கு வாசிக்கிற ஊர் நாயனக்காரருக்கு இந்த மாற்றம் லாபமா, நஷ்டமா என்று கேட்டால் இரண்டும்தான். மேடை கிடைத்தவருக்குப் பாரி பெயரும் பணமும் தந்தது. மேடை கிடைக்காதவர், பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, மைக் இல்லாத ஊர்வலத்தில், டிராம்போனும் டிரம்பெட்டும் உள்ள பேண்டு செட்டோடு போட்டி போட வேண்டி வந்தது. கல்யாண வீடுகளில் பேண்டு செட் எளிதாக நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். பச்சை மரம் ஆகாது, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணுமாக, பல வருஷம் காய்ந்து இறுகிய கட்டைதான் விசேஷம். சீவாளி கட்டுபவர்கள் திருவாவடுதுறை வட்டாரத்தில் இருக்கிறார்கள். டிராம்போன்காரர் போல 1½ஜி என்று எண் சொல்லி வாங்குகிற வழக்கம் இங்கே இல்லை. ஒரு கட்டுச் சீவாளி வாங்கினால் அதில் சிலதுதான் பேசும். வித்வான் அதை வாயில் ஊறவைத்து, ஊசியால் வாயைத் திறந்து, கெண்டையில் நூல் சுற்றி ஏற்றி இறக்கி, உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். ஒத்துவராததை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.