மலைமேல் ஒரு பெயர்

ஐயப்பன்தாங்கல் வழியே போகும் சாலைக்கு மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று பெயர். தினந்தோறும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தப் பெயரைப் படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த மவுண்டில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

மவுண்ட் என்றால் நம்முடைய பரங்கிமலைதான். சுமார் 300 அடி உயரமுள்ள சின்னக் குன்று. உச்சியில் மாதா கோயில். அதன் பிரதான பீடத்துக்குப் பின்னால், சுவரில் பதித்த ஒரு கருங்கல் பலகையில் ஒரு சிலுவை செதுக்கியிருக்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல் அது.

சிலுவை என்றதும் நம் மனசில் எழும் உருவம் இதில் இல்லை. அறையப்பட்ட ஏசுநாதர் இல்லை, ஆணி இல்லை, ரத்தம் இல்லை. சிலுவையின் கைகள் நான்கும் மொட்டு விரிந்தாற்போல் முடிகின்றன. அடியிலிருந்து இலைகள் இருபுறமும் சுருண்டு எழுகின்றன. மேலே ஒரு புறா இறங்கி வருகிறது. இரண்டு தூண்கள், அவற்றின்மேல் வாய் பிளந்த மகரங்கள், அவற்றை இணைக்கும் வளைவு. நம் ஊர்க் கோயில்களில் மகர தோரணம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வளைவைச் சுற்றித்தான் எழுத்துக்கள் ஓடுகின்றன.

போர்ச்சுகீசியர் மலைமேல் கோயில் கட்டுவதற்காகத் தோண்டியபோது 1547-இல் இந்தக் கல் கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கையில் கல்லில் ரத்தம் வியர்த்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; கடைசியாக அப்படி நிகழ்ந்தது 1704-இல் என்பார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனசைப் பொறுத்தது. கதை எழுதிப் பிழைப்பவனுக்கு அதைவிட ருசியான விஷயம் அந்த எழுத்துக்களின் கதை.

எழுத்து யாருக்கும் புரியவில்லை. 1561-இல் கல்விமான் என்று பெயர் பெற்ற ஒரு பிராமணரை வரவழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் தயங்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களை அடக்கியது என்று சொல்லி, தோமையார் வந்தது, போதித்தது, குத்துண்டு மாண்டது எல்லாவற்றையும் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் பரம திருப்தி. எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ அதையே அல்லவா கல் சொல்லிவிட்டது!

முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கதை ஓடிற்று. பிறகு ஏ.சி. பர்னல் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுக்களிலேயே ஆயுளைச் செலவழித்தவர். இது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று 1873-இல் வெளியிட்டார். அவருக்குப் பின்னும் அறிஞர்கள் அதை மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார்கள். பெயரைப் படிப்பதில்தான் சண்டை. சாரத்தில் பெரும்பாலோர் ஒன்றுபடுகிறார்கள். 'கிறிஸ்து ஆண்டவரே, இன்னாருடைய மகனான இன்னார்மீது இரக்கம் வையும்' என்பதுதான் விஷயம். தோமையாரும் இல்லை, ஈட்டியும் இல்லை. ஒரு தனி மனிதன் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கே வந்து போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துச் செப்பேட்டில் சாட்சிகள் பஹ்லவியிலும் அரபியிலும் ஹீப்ரு எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கோட்டயம் வலிய பள்ளியில் இதே வரியோடு இதே மாதிரிச் சிலுவைகள் உண்டு. அநுராதபுரத்தில் 1912-இல் அகழ்ந்தபோது, எழுத்தில்லாத ஒரு சிலுவை இதன் தம்பியைப்போல் வெளிப்பட்டது.

இதே காலத்தில் உலகத்தின் மறு கோடியில், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும், கெல்டிக் மக்கள் கல்லில் சிலுவை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நெடிதுயர்ந்த சிலுவைகள், கைகள் கூடும் இடத்தில் ஒரு வட்டம், உடம்பெல்லாம் முடிவில்லாத பின்னல் வேலை. நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தைக் கல்லில் இழைத்தாற்போல் இருக்கும். மொனாஸ்டர்பாய்ஸ் என்ற இடத்தில் முயிரெடாக் சிலுவை சுமார் 18 அடி உயரம் நிற்கிறது. அதன் அடியிலும் ஒரு வரி. முயிரெடாக்குக்காக ஒரு பிரார்த்தனை செய்யுங்கள் என்று அது கேட்கிறது. கடல்கள் நடுவே கிடக்க, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கல் தச்சர்களிடம் ஒரே விண்ணப்பம்!

அந்தச் சிலுவைகள் இன்று உலகெங்கும் கழுத்துகளில் தொங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ்காரர்களுக்குத் தங்கள் பழம்பெருமையில் மோகம் பிறந்தது. டப்ளின் நகைக்கடைகள் பழைய அணிகளைப் பார்த்துப் புதியன செய்து விற்றன. ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவில் அலெக்சாண்டர் ரிச்சி என்ற முன்னாள் கப்பல் எஞ்சினியரும் அவர் மனைவி யூஃபீமியாவும், தீவின் கற்களில் கண்ட பின்னல்களை வெள்ளியில் வார்த்து யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். இருவரும் காலமானது 1941-இல். வேலைப்பாடு அழகுதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் பதக்கத்துக்குள் பின்னல் வந்தது, வட்டம் வந்தது. முயிரெடாக்கின் பெயர் வரவில்லை. நகைக்கு அது தேவைப்படவில்லை.

நம் பக்கம் பரங்கிமலைச் சிலுவையையும் பதக்கமாகச் செய்கிறார்கள். கேரளத்தில் அதை அணிவோர் உண்டு, அது சரியான சிலுவையே அல்ல என்று வாதாடுவோரும் உண்டு. எனக்கோ இந்தக் கல்லுக்கு நெருங்கிய உறவாகப் படும் நகை வேறு. சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் கட்டிக்கொள்ளும் 'மின்னு'தான் அது. இலை வடிவில் நம் தாலி; அதன்மேல் பொடிப் பொன்மணிகளால் ஒரு சிலுவை. மணப்புடைவையிலிருந்து உருவிய நூலைத் திரித்து அதில் கோத்துக் கட்டுவார்கள். எந்தக் கல்லையும் பார்த்துச் செய்ததல்ல. மகர தோரணத்தின் கீழ் சிலுவையை நிறுத்திய அதே மனசு, தாலியின்மேலும் அதை வைத்திருக்கிறது.

இது நம்முடையதா, அந்நியருடையதா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வேண்டுதல் பாரசீகனுடையது, மகரமோ இந்த மண்ணுக்குப் பழக்கமானது. பிரித்தெடுக்க வேண்டுமானால் கல்லைத்தான் உடைக்க வேண்டும்.

அடுத்த தடவை போரூர் தாண்டிப் போகிறவர்கள் ஒரு நாள் மலையேறிப் பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டால் பாதகமில்லை. தன் பெயரை யாராவது நினைக்க மாட்டார்களா என்று ஒரு மனிதன் அங்கே ஆயிரத்து இருநூறு வருஷமாகக் காத்திருக்கிறான்.