கோட்டுப் படி ஏறின சின்ன வழக்குகள்

வேகமாக ஓட்டினதுக்காகத் தண்டம் கட்டின முதல் ஆட்களில் ஒருவர் எண்டு வோல்டர் ஆர்னோல்டைச் சொல்லுவார்கள். 1896 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், படொக் வூட் என்ற ஊருக்குள்ளால மோட்டார் வண்டியில போனார். அப்போது ஊருக்குள் அனுமதிச்ச வேகம் மணிக்கு 2 மைல், அவர் போனது 8 மைல். பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளில் துரத்திப் பிடிச்சார். நீதிமன்றம் போட்ட தண்டம் ஒரு சிலிங். அந்த வருசம் முடியமுதலே பாராளுமன்றம் புதுச்சட்டம் கொண்டுவந்து வேக எல்லையை 14 மைலாக்கியது. ஜனவரியில் குற்றமாக இருந்த வேகம் டிசம்பரில் குற்றமில்லை.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லேல்ல. போக்குவரத்துத் தண்டம் எண்டது எங்களுக்கு ஒரு தலையிடி, அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரிய பெரிய கொள்கைகள் சில இப்பிடியான சில்லறை வழக்குகளுக்குள்ள இருந்துதான் வந்திருக்கு. அப்பிடியெண்டால் தீவகத்தில் இருக்கிற ஒருவருக்கு ஒரு தண்டத் துண்டை எதிர்த்து நீதிமன்றம் போறது என்ன அர்த்தம் தரும் எண்டதுதான் இந்தக் கட்டுரையில் எங்கட கேள்வி.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம்

இலங்கையில் வீதி வழக்குகளுக்கு அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். சின்னக் குற்றங்களுக்கு, பொலிஸ் அந்த இடத்திலேயே ஒரு துண்டு எழுதித் தரும். லைசன்ஸை வாங்கி வைச்சுக்கொள்ளும். 14 நாளுக்குள்ள தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. அதுக்குப் பிறகும் கட்டாவிட்டால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

கடைசி வரியைத்தான் நாங்கள் எல்லாரும் மிரட்டலாக வாசிக்கிறோம். "கட்டாட்டி கோட்டுக்குப் போகவேணும்." ஆனால் அதே வரியை உரிமையாகவும் வாசிக்கலாம். தபாற்கந்தோரில் காசு கட்டுறது எண்டால் விசாரணை வேண்டாம் எண்டு நாங்களே விட்டுக்குடுக்கிறது. கட்டாமல் போனால், அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை முழுசாக எங்களோட வரும். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும், நேராகவோ சட்டத்தரணி மூலமாகவோ, நியாயமான விசாரணையில் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி. நீதவான் குற்றச்சாட்டை வாசிச்சு, ஒப்புக்கொள்ளுறீங்களா எண்டு கேட்பார். இல்லை எண்டு சொன்னால், துண்டு எழுதின பொலிஸ்காரர் சாட்சிக் கூண்டில் ஏறவேணும். நாங்கள் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டிய பொறுப்பு அவருடைய பக்கத்துக்குத்தான்.

வீதியில் கைகாட்டி நிப்பாட்டினவரும் நிப்பாட்டப்பட்டவரும் மூன்றாவது ஆள் ஒருவருக்கு முன்னால் சமமாக நிக்கிற ஒரே இடம் அதுதான்.

மக்கார்த்தி எண்ட மோட்டார் சைக்கிள்காரர்

1923 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மக்கார்த்தி என்பவர் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு விபத்தில் மாட்டுப்பட்டார். மற்றவர்களுக்கு ஆபத்தாக ஓட்டினார் எண்டு பொலிஸ் வழக்குப் போட்டது. நீதவான்கள் குற்றவாளி எண்டு தீர்த்துத் தண்டமும் விதிச்சார்கள். சாதாரண வழக்கு, அங்கேயே முடிஞ்சிருக்கவேணும்.

பிறகுதான் ஒரு விசயம் தெரியவந்தது. நீதவான்கள் தீர்ப்பை யோசிக்க உள்ளறைக்குப் போனபோது, சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் சொல்லுறதுக்காக நீதிமன்ற எழுத்தரும் கூடப் போயிருந்தார். அந்த எழுத்தர் ஒரு சட்டத்தரணி நிறுவனத்தின் பங்காளி. அதே விபத்தில் காயப்பட்ட மற்ற ஆளுக்காக மக்கார்த்தியிடம் நட்டஈடு கேட்டுக்கொண்டிருந்தது அதே நிறுவனம்தான்.

நீதவான்கள் சத்தியக்கடதாசி குடுத்தார்கள்: எழுத்தர் உள்ளுக்குள் ஒரு வார்த்தைகூடக் கதைக்கேல்ல, நாங்கள் அவரிட்ட எதுவும் கேட்கவும் இல்லை. மேல் நீதிமன்றம் அதை நம்பியது. நம்பியும் தீர்ப்பை ரத்துச் செய்தது. தலைமை நீதியரசர் ஹியூவார்ட் பிரபு சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுகிறது எண்டு பார்க்கிறவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியவும் வேண்டும்.

ஆங்கிலச் சட்ட மரபு போன நாடுகள் எல்லாவற்றிலும், எங்கட நாடு உட்பட, இண்டைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிற கொள்கை இது. கொலை வழக்கிலயோ ராஜத்துரோக வழக்கிலயோ பிறக்கேல்ல. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் தன்ர தண்டத்தை ஏற்க மறுத்ததில பிறந்தது. அவர் உண்மையில் மோசமாக ஓட்டினாரா இல்லையா எண்ட கேள்வி அந்தத் தீர்ப்பில் வரவே இல்லை. பிழை செய்தவராக இருந்தாலும் ஒழுங்கான முறையில்தான் தீர்க்கப்படவேணும் எண்டதுதான் விசயம்.

தமிழில் இந்தக் கொள்கையைச் சொல்லும்போது "தெரிய வேண்டும்" எண்ட சொல் வருகிறது. எங்கட மொழியில் தெரிதல் எண்டால் கண்ணுக்குப் புலப்படுறதும்தான், அறிவுக்கு விளங்குறதும்தான். தீவகத்துக்கு வரும்போது இந்த இரண்டாவது அர்த்தம்தான் முக்கியம். எனக்கு விளங்காத மொழியில் என்ர வழக்கு நடந்தால், கண்ணுக்கு முன்னால நடந்தாலும் நீதி எனக்குத் தெரியாது.

கோட்டில் எந்த மொழி?

1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது எல்லாருக்கும் தெரியும். 1961 இன் தொடக்கத்தில் வந்த நீதிமன்ற மொழிச் சட்டத்தைப் பற்றி எங்கட வயதில் அவ்வளவாகக் கதைக்கிறதில்லை. நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் இருக்கவேணும் எண்டு அமைச்சர் கட்டளையிட வழி திறந்த சட்டம் அது. அதே வருசம் பெப்ரவரி 20 அன்று தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தொடங்கின சத்தியாக்கிரகத்தின் பின்னணியில் இந்தச் சட்டமும் இருந்தது. வடக்கு கிழக்கில் நிர்வாகமும் நீதிமன்றமும் தமிழில் நடக்கவேணும் எண்டது அப்போதைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. ஏப்ரல் 14 அன்று கட்சி தன்ர சொந்தத் தபால் சேவையையே தொடங்கியது. சில நாளில் அவசரகாலச் சட்டம், இராணுவம், கைதுகள்.

அந்த நாளில் ஊர்காவற்துறைத் தொகுதியும் தமிழரசுக் கட்சியிட்டத்தான் இருந்தது. எம்.பி. வி. ஏ. கந்தையா. அவருக்குப் பிறகு 1963 இடைத்தேர்தலில் வந்தவர் வ. நவரத்தினம், கரம்பனைச் சேர்ந்த சட்டத்தரணி. மொழியும் சட்டமும் தீவகத்து அரசியலுக்கு வெளியில் இருந்து வந்த விசயங்கள் இல்லை.

அதே காலத்தில் கோடீஸ்வரன் எண்ட அரசாங்க லிகிதர் ஒருவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் போக மறுத்தார். 1962 இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிப்பாட்டினார்கள். தொகை பெரிசில்லை. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார்: சிங்களம் மட்டும் சட்டம், சிறுபான்மையோரைப் பாதுகாக்கிற 29 ஆம் பிரிவுக்கு முரணானது. 1967 இல் உயர் நீதிமன்றம் வேறு வழியால் போனது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காட முடியாது எண்டு சொல்லி, மொழிக் கேள்வியைத் தொடாமலே தள்ளிவிட்டது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவிக் கவுன்சில் அதை மாற்றி, வழக்காட முடியும், மொழிக் கேள்வியை உயர் நீதிமன்றமே தீர்க்கட்டும் எண்டு திருப்பி அனுப்பியது. தீர்க்கவே இல்லை. பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவும் இல்லாமல் போனது.

மக்கார்த்தியையும் கோடீஸ்வரனையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ரெண்டும் சின்னத் தொகை, ரெண்டும் பெரிய கேள்வி. ஒரு நீதிமன்றம் பதில் சொன்னது, மற்றது தவிர்த்தது. சின்ன வழக்கு கேள்வியைக் கதவுவரை கொண்டுபோகும். கதவைத் திறக்கிறது நீதிமன்றத்தின் கையில்.

அந்தக் கதவு பிறகு வேறு வழியால் திறந்தது, அதுக்கிடையில் நாடு குடுத்த விலை எங்களுக்குத் தெரியும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். நாட்டில் எங்க வழக்கு நடந்தாலும் தேவையானவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் உண்டு. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தது. மொழி உரிமை மீறப்பட்டால் அங்கே முறையிடலாம்.

ஆகவே, விளங்காத மொழியில் எழுதின ஒரு துண்டு எங்கட கையில் வந்தால், "என்ன எழுதியிருக்கு, தமிழில் சொல்லுங்கோ" எண்டு கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் 1961 இருக்கு.

ஊர்காவற்துறைக்குப் போற செலவு

உரிமை கடதாசியில் இருக்கு. பயணம் கடலில் இருக்கு.

தீவகத்துக்குள்ள எழுதின துண்டு எண்டால் வழக்கு ஊர்காவற்துறை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். செய்திகளில் இந்திய மீனவர்களை விளக்கமறியலில் வைக்கிறபோது நாங்கள் வாசிக்கிற அதே நீதிமன்றம். வேலணைக்காரருக்கு அது கிட்ட. நயினாதீவாருக்கு முதலில் குறிகாட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், வேலணையில் இறங்கி மாறவேணும். நெடுந்தீவாருக்குப் படகே கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். குமுதினியோ வடதாரகையோ அண்டைக்கு ஓடவேணும், கடலும் விடவேணும். வழக்கைத் தவணை போட்டால் இன்னொருக்கா இதே பயணம். ஒரு நாள் கூலி, சாப்பாடு, சட்டத்தரணி காசு எல்லாம் கூட்டினால் தண்டம் ஒண்டுமே இல்லை.

இந்தக் கணக்கால்தான் பிழை செய்யாதவரும் கட்டுகிறார். கட்டினவர் தொகை, குற்றம் செய்தவர் தொகையாகிப் பதிவில் நிக்கும். இதைவிட மோசமான மூன்றாவது வழி ஒன்றும் இருக்கு: துண்டே எழுதாமல் கையில் குடுத்துவிட்டுப் போறது. அது எல்லாத்திலும் மலிவு, எல்லாத்திலும் விலை கூட. அதில் பற்றுச்சீட்டும் இல்லை, கேள்வி கேட்கிற மூன்றாவது ஆளும் இல்லை.

எல்லாத் துண்டையும் எதிர்த்து வழக்காடுங்கோ எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. ஹெல்மெற் போடாமல் பண்ணைப் பாலத்தில் பறந்தால் கட்டத்தான் வேணும், அந்தச் சட்டம் எங்கட தலைக்காகத்தான் இருக்கு. ஆனால் செய்யாத பிழைக்குத் துண்டு வந்தால் மூண்டு விசயம் செய்யலாம். இடம், நேரம், பார்த்த ஆட்களை அண்டைக்கே குறிச்சு வையுங்கோ. துண்டில் என்ன குற்றம் எழுதியிருக்கு எண்டதைத் தமிழில் கேட்டு அறிஞ்சுகொள்ளுங்கோ. 14 நாளுக்குள்ள கட்டுறதா, விசாரணைக்குப் போறதா எண்டதை ஒரு சட்டத்தரணியிட்டக் கேட்டு முடிவெடுங்கோ.

எங்களிட்ட ஒரு கோரிக்கையும் இருக்கு. சட்டம் படிக்கிற எங்கட நண்பர்கள், நெடுந்தீவிலயும் நயினாதீவிலயும் மாதம் ஒருநாள் உட்கார்ந்து இந்தத் துண்டுகளை வாசிச்சு விளக்கினாலே பெரிய விசயம். படகேறி வழக்குக்கு வாற ஆட்களின் வழக்குகளைப் படகு நேரம் பார்த்து எடுக்கச் சொல்லி, சட்டத்தரணிகள் சங்கம் மூலமாகக் கேட்கலாம். இதுக்குப் புதுச்சட்டம் ஒண்டும் தேவையில்லை.

மக்கார்த்தி தன்ர தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்ட போயிருந்தால் அவருக்குக் காசும் நேரமும் மிச்சம். எங்களுக்கு ஒரு கொள்கை குறைவு. நெடுந்தீவில் இருந்து காலமைப் படகுக்கு வாற ஒருவருக்கு அந்தக் கணக்கைச் சுலபமாக்கிக் குடுக்கிறது படிச்ச எங்கட வேலை.