இரண்டு கம்பிகளில் ஓர் உரையாடல்

ஆர்டுயினோ போர்டு ஒன்றை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்துவிட்டால் இரண்டும் பேச ஆரம்பித்துவிடும். கணினி 'விளக்கைப் போடு' என்று எழுத்துகளை அனுப்பும், போர்டு போடும். போர்டு 'வெப்பம் 31' என்று பதில் அனுப்பும், கணினி திரையில் காட்டும். கேபிள் புதியதுதான். ஆனால் அதில் பேசப்படும் பாஷைக்கு வயது அறுபதுக்கும் மேல்!

டெலிடைப் காலம்

1960-ல் அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் ஆர்எஸ்-232 என்ற விதிமுறையை வெளியிட்டது. அன்றைய தேவை, டெலிடைப் போன்ற முனையங்களை மோடத்துடன் இணைப்பது. அதன் அடிப்படை மிக எளிது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு தரைக் கம்பி. ஒருவர் 'வாய்' மற்றவர் 'காதோடு' சேர வேண்டும், அவ்வளவுதான்.

இரு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'தொடக்க பிட்', கடைசியில் 'முடிவு பிட்'. வேகத்தை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கிறுக்கல்தான் வரும்.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33-ன் வேகம் 110 பாட், அதாவது விநாடிக்கு 10 எழுத்துகள். ஆர்டுயினோ பாடங்களில் வழக்கமாக வரும் 9600 பாட் என்றால் விநாடிக்கு 960 எழுத்துகள். வேகம் கூடியது, முறை மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் வருகிறார்

1996-ல் யூஎஸ்பி வந்தது. 1998-ல் வந்த ஐமேக் பழைய சீரியல் போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு யூஎஸ்பியை நம்பியது. மற்ற கணினிகளிலும் அந்த ஒன்பது முனை போர்ட் மெல்ல மறைந்தது. ஆனால் மைக்ரோகண்ட்ரோலர்களுக்குத் தெரிந்ததோ பழைய பாஷைதான்!

இந்த இடைவெளியில்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்புகள் புகுந்தன. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் சீரியல். நடுவில் நின்று மொழிபெயர்ப்பதே இவற்றின் வேலை.

2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் ஆர்டுயினோ பிறந்தது. அதே இடத்தில் கொலம்பியாவைச் சேர்ந்த ஹெர்னாண்டோ பராகான் 2003-ல் தொடங்கிய 'வயரிங்' திட்டமே அதற்கு முன்னோடி. முதலில் சீரியல் போர்ட்டுடன் வந்த ஆர்டுயினோ, விரைவிலேயே எஃப்டிடிஐ சிப்புடன் யூஎஸ்பிக்கு மாறியது. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருந்ததால் உலகம் முழுவதும் மலிவு நகல்கள் பெருகின.

2014: பேச்சு நின்றது

போர்டை நகலெடுக்க அனுமதி உண்டு. சிப்பைப் போலியாகச் செய்ய அனுமதி இல்லை. ஆனாலும் எஃப்டிடிஐ பெயரைப் பொறித்த போலி சிப்புகள் சந்தையில் கலந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணை பூஜ்யமாக்கியது. அதன்பின் கணினி அவற்றை வழக்கம்போல அடையாளம் காணவில்லை. போர்டில் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பேச்சு நின்றுபோனது! பலத்த எதிர்ப்பு கிளம்ப, அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

நிறுவனத்தின் கோபத்தில் நியாயம் உண்டு. உழைத்துச் சம்பாதித்த பெயரை மற்றவர் விற்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது யாருக்கு? போலி செய்தவர் காசை எப்போதோ வாங்கிவிட்டார். விற்ற கடைக்காரருக்கே கூட அது போலி என்று தெரிந்திருக்காது. உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் கடைசியாக வாங்கியவர் தலையில்தான் நஷ்டம் விழுந்தது.

2010-ல் வந்த ஆர்டுயினோ யூனோ இதில் தப்பித்தது. அதில் மொழிபெயர்ப்பு வேலையை இன்னொரு சிறிய மைக்ரோகண்ட்ரோலரே செய்தது. அதற்குள் இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

கம்பிகள் யாருக்கும் சொந்தமில்லை. நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் எஜமான் உண்டு. இருவழிப் பேச்சு தொடருமா என்பது அந்த எஜமான் கையில் இருக்கிறது என்பதை 2014 காட்டிவிட்டது.