ஏற்காட்டு அடிவாரத்துப் படங்கள், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது

பழைய படங்களில் பெயர் போடும் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. சேனல் மாற்றிக்கொண்டே போகிறவர், சண்டையோ பாட்டோ வந்தால்தான் ரிமோட்டைக் கீழே வைப்பார். யூடியூபில் பார்ப்பவரோ அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிவிட்டுத்தான் படத்தையே ஆரம்பிப்பார். அதனால் ஒரு விஷயம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. குகை வாசலில் நிற்கும் எம்.ஜி.ஆர்., வேடத்துக்கு மேல் வேடம் மாற்றும் நம்பியார், துப்பாக்கியோடு ஓடும் ஜெய்சங்கர், எல்லாமே ஒரே கம்பெனியின் சரக்கு. கம்பெனி இருந்த இடம் சென்னை கூட இல்லை. சேலம், ஏற்காடு ரோடு. மாடர்ன் தியேட்டர்ஸ்.

இதை ஆரம்பித்த டி.ஆர். சுந்தரம் 1907ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். (அன்று சேலம் ஜில்லா, 1997 முதல் நாமக்கல் மாவட்டம். எனவே இரண்டு ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடலாம்!) நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தார். ஊர் திரும்பியவர் மில் வைப்பார் என்று எதிர்பார்த்தால் சினிமாவில் இறங்கினார். அப்போது தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பாடகர், வாத்தியக்காரர், சமையல்காரர் எல்லோரையும் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். ஸ்டூடியோக்கள் அங்கேதான் இருந்தன. சுந்தரமும் சேலம் வேலாயுதம் பிள்ளையோடு கூட்டுச் சேர்ந்து அப்படிச் சில படங்கள் எடுத்துப் பார்த்தார். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பதில் ஸ்டூடியோவை ஊருக்கே கொண்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தார். 1930களின் நடுவில் சேர்வராயன் மலை அடிவாரத்தில் வேலை ஆரம்பமானது. முதல் படம் 'சதி அகல்யா' 1937ல் வந்தது.

அடுத்த ஆண்டே 'பாலன்'. மலையாளத்தின் முதல் பேசும் படம். எஸ். நொட்டானி என்ற பார்சிக்காரர் இயக்கினார். கேரளத்தின் முதல் பேச்சு சேலத்தில் பிறந்தது என்பது கேரளத்துக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சேலத்துக்காரர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். 1961ல் மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' வந்ததும் இதே ஸ்டூடியோவிலிருந்துதான்.

படித்தது ஜவுளி என்பதை மறந்துவிடக் கூடாது. சுந்தரம் நடத்தியது ஸ்டூடியோ வடிவில் இருந்த ஒரு மில். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி, கதை இலாகா எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகர்கள், எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்தில். நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்குப் போகலாம். கண்ணதாசன் அந்தக் கதை இலாகாவில் வேலை பார்த்தவர், கருணாநிதி சேலத்துக்குக் குடிவந்து வசனம் எழுதியவர். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியே போயின. மில்லில் ஓடும் தறி மாதிரி, ஒன்று முடியும்போதே அடுத்தது ஏறியிருக்கும்.

அந்தப் படங்களை இன்று சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தால் எப்படி இருக்கின்றன? சும்மா சொல்லக்கூடாது, சில படங்கள் எழுபது ஆண்டு கழித்தும் நகர விடுவதில்லை. சில படங்கள் கொட்டாவி.

முதல் வகைக்கு 'மந்திரி குமாரி' (1950). எம்.ஜி.ஆர். படம் என்று நினைத்து உட்காருபவர்கள் ஏமாறுவார்கள். அவர் சேனாதிபதியாக வருகிறார், கத்தி சுழற்றுகிறார், போகிறார். (அவருடைய தாடைக் குழி சுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை, கருணாநிதிதான் ஒரு குறுந்தாடியை ஒட்டிச் சமாளிக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு.) படத்தைத் தூக்கிச் சுமப்பது இரண்டு பேர். பகலில் ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைக்காரன் என்று வரும் எஸ்.ஏ. நடராஜன் ஒருவர். அவனை நம்பிக் கல்யாணம் செய்துகொள்ளும் மந்திரி மகள் மாதுரி தேவி இன்னொருவர். அவளைக் கொல்ல வேண்டும் என்று மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். போகும் வழியெல்லாம் காதல் பாட்டு, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. பாட்டு எவ்வளவு இனிமையோ அவ்வளவு பயம், ஏனென்றால் அவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உச்சியில் விஷயம் தெரிந்ததும் அவள் அழுது புரளவில்லை. கணவனை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட அனுமதி கேட்கிறாள். சுற்றுகிறாள். தள்ளிவிடுகிறாள்.

1950ல், கணவனே கண்கண்ட தெய்வம் என்று வசனம் பேசிக்கொண்டிருந்த திரையில், இது எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் புதுக் கற்பனை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கதை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து எடுத்தது. அந்தக் காப்பியமே இன்று முழுசாக இல்லை, மிஞ்சியிருப்பது இருபதுக்கும் குறைவான பாடல்கள். ஆனால் கதை மட்டும் உரைகளில் தொற்றிக்கொண்டு தப்பி, கருணாநிதியின் நாடகமாகி, ஒரு அமெரிக்கரின் கேமராவுக்குள் போயிருக்கிறது. எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. வசனமே உயிர் என்றிருக்கும் ஒரு படத்தை வசனம் புரியாதவர் எடுத்தார். அவர் நடுவில் அமெரிக்கா திரும்ப, மீதியை முடித்தவர் சுந்தரம். ஒட்டுத் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை. மில் முறைக்கு இது நல்ல சாட்சி.

அதே ஆண்டு வந்த 'திகம்பர சாமியார்' வேறு மாதிரி. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல். எம்.என். நம்பியார்தான் கதாநாயகன். ஆமாம், நல்லவர்! கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும் நம்பியாரை மட்டும் தெரிந்தவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். வேடம் மாற்றி மாற்றி வந்து குற்றவாளிகளைப் பிடிக்கிறார். முதல் அரை மணி நேரம் இழுவை. அதற்கப்புறம் அடுத்து என்ன வேடம் என்ற ஆசையே படத்தை ஓட்டிவிடுகிறது.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். கேவாகலர். இதே பெயரில் 1941லேயே என்.எஸ். கிருஷ்ணன் ஒரு படம் எடுத்திருந்தார், கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே சுந்தரம் விற்றது கதையை அல்ல, நிறத்தை. தலைப்பாகை, சால்வை, திரைச்சீலை, நடனக்காரிகளின் பாவாடை என்று எங்கே துணி இருக்கிறதோ அங்கே நிறத்தைக் கொட்டியிருக்கிறார்கள். ஜவுளி படித்தவர் இயக்கிய படம் என்று யாரும் சொல்லாமலே தெரியும் :-) பானுமதி படத்தில் எல்லோரையும் விடப் புத்திசாலியாக இருக்கிறார், அது நடிப்பு மாதிரியே தெரியவில்லை. வீரப்பாவின் சிரிப்புக்கு டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பது நல்லது. கடைசிக் காட்சிகளுக்கு எம்.ஜி.ஆர். வராததால் ஒரு டூப்பை வைத்துச் சுந்தரம் முடித்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்த ஆளின் குணத்துக்கு அந்தக் கதை பொருந்துகிறது.

ஒரு கொடுமை என்னவென்றால், தூர்தர்ஷன் கலருக்கு மாறியது 1982ல். அதற்குப் பிறகும் பல வருடம் வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். அந்தப் பெட்டியில் அலிபாபாவைப் பார்த்தவர்களுக்குத் தமிழின் முதல் கலர் படம் சாம்பல் நிறத்தில்தான் கிடைத்திருக்கும்.

இன்னொரு விசித்திரம் 'தி ஜங்கிள்' (1952), தமிழில் 'காடு'. அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து எடுத்தது, ராட் கேமரூன், சீசர் ரொமேரோ என்று ஹாலிவுட் ஆட்கள். இந்தியக் காட்டில் மாமத் யானைகள் வருகின்றன. நம்ம ஊர் யானைக்கு ரோமம் போர்த்திவிட்டிருக்கிறார்கள். மொக்கைதான். ஆனாலும் யானைக்காக ஒருமுறை பார்க்கலாம்.

1963ல் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் கம்பெனியை எடுத்துக்கொண்டார். அடுத்த பத்து வருடத்துக்கு ராஜா ராணி இல்லை, பூராவும் துப்பறியும் படம். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' (இரண்டும் 1966) என்று வல்லவர்களாக வந்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் இந்திப் படங்களின் தழுவல். நடுவிலுள்ளது பிரெஞ்சு ஒற்றன் படம் ஒன்றின் சேலத்து வடிவம். வேதாவின் இசையில் பல மெட்டுகள் ஏற்கெனவே எங்கோ கேட்டவை. திட்டுபவர்கள் திட்டலாம். ஆனால் 'சி.ஐ.டி. சங்கர்' (1970) பார்க்கும்போது ஒன்று புரியும், இவர்கள் கலை படைக்கிறோம் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டரை மணி நேரம் போரடிக்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதில் நடித்த சகுந்தலாவுக்கு வாழ்நாள் முழுக்க 'சி.ஐ.டி. சகுந்தலா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மசாலாப் படத்துக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

மில் முறைக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. தறியிலிருந்து இறங்கிய துணியை மில்காரர் பத்திரப்படுத்த மாட்டார், விற்றுவிடுவார். அன்றைய தமிழ் சினிமா முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டது. ஓடி முடிந்த படம் பழைய சரக்கு. நைட்ரேட் பிலிம் தானாகவே கெடும், தீயும் பிடிக்கும். போதாததற்கு, வெள்ளி எடுப்பதற்காகப் பழைய பிரிண்டுகளைக் கழுவி விற்றவர்கள் நிறைய. 'பாலன்' அப்படிக் காணாமல் போன படங்களில் ஒன்று. பாட்டுப் புத்தகமும் சில போட்டோக்களும்தான் மிச்சம். குண்டலகேசிக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்தது, இரண்டாயிரம் வருடம் கூட ஆகவில்லை, ஒரு தலைமுறைக்குள்ளேயே. 'பாலன்' நல்ல படமா மொக்கைப் படமா என்று இனி யாரும் வாதாட முடியாது.

அதனால்தான் வீட்டுக்குள் வந்த படம் பிழைத்த படம் ஆகிறது. 1980களில் டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்தார்கள். பிறகு கேபிள் டிவி. 2007ல் மோசர் பேர் வி.சி.டி.யை 28 ரூபாய்க்குக் கொடுத்தபோது, பழைய படம் என்பது பெட்டிக்கடையில் வாங்குகிற சாமான் ஆனது. அந்தக் கம்பெனியும் இன்று இல்லை. யூடியூபில் இருக்கும் பழைய பிரதிகள் பலவற்றில் மூலையில் ஏதோ சேனலின் முத்திரை, நடுவில் வெட்டு, பாதி வசனத்தில் தாவல். மூலப் பிரிண்டிலிருந்து ஒழுங்காகச் சுத்தம் செய்து எடுத்தவை குறைவு. கிடைப்பதே பெரிது என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த தலைமுறைக்கு இதுவாவது இருக்குமா என்று கேட்பவர் குறைவு.

1980களின் தொடக்கத்தோடு மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் நின்றுபோயின. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ரோட்டோரம் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, ஏற்காடு பஸ்ஸில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து உட்கார்ந்தால் தெரியும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'மந்திரி குமாரி'. படம் நீளம், இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் தப்பில்லை. பெயர் போடும் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள், மலைப் பாட்டையும் தள்ளிவிடாதீர்கள். அதற்கு அடுத்து அலிபாபா, கலர் டிவியில்.