பல் குத்தும் பட்டினி

‘காஸ்ட்’ என்ற சொல்லின் வேர் ஐபீரிய மண்ணின் ‘காஸ்டா’. நம் சாதிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் போர்த்துகீசியர்கள்.

அதே மண்ணில் ‘இரத்தத் தூய்மை’ விதியும் இருந்தது. 1449இல் தொலேதோ நகரம், யூத மதத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தாருக்குப் பொதுப் பதவிகளை மறுத்தது. மதம் மாறியும் பிறப்பு விடவில்லை. பிறகு தேவாலயங்களும் கல்லூரிகளும் வம்சாவளிச் சான்று கேட்டன.

இந்தச் சூழலில்தான் 1554இல் ‘லாசரில்யோ தே தோர்மெஸ்’ நாவல் வந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. வீரதீரப் பிரபுக்கள் உலவிய கதையுலகில் ஓர் ஏழைச் சிறுவன் ‘நான்’ என்று பேசினான். அவனுடைய எசமானர்களில் ஒருவர் குலப்பெருமை பேசுபவர். வீட்டில் பட்டினி, வாசலில் நின்று, சாப்பிட்டவர்போலப் பல் குத்துவார். கடைசியில் சிறுவன் பிச்சையெடுத்த ரொட்டியில்தான் அவர் வயிறு நிறைகிறது.

1559இல் மத விசாரணை மன்றம் நூலைத் தடைசெய்தது. 1573இல் வெட்டித் திருத்திய பதிப்பையே அனுமதித்தார்கள். ஆனாலும் 1599இல் மத்தேயோ அலெமானின் ‘குஸ்மான் தே அல்ஃபராச்சே’ அதே வழியில் வந்தது.

இதைத் தலித் இலக்கியத்தின் முன்னோடி என்று நாம் சொல்லவில்லை. வகுப்பறையில் ‘பிக்காரெஸ்க்’ என்று வடிவத்தை மட்டும் சொல்லித் தருவார்கள். பெருமை பேசியவர் யார், ரொட்டி கொண்டுவந்தவர் யார் என்று நாம் கேட்போம்.