டவுனிங் வீதி: ஒரு கதவின் வரலாறு

இலண்டன் மாநகரில் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து தெற்கு நோக்கி வைட்ஹால் பெருவீதி வழியே நடந்து செல்பவர், அரசாங்க அலுவலகங்களாய் விளங்கும் வெண்கல் மாளிகைகள் இருமருங்கும் அணிவகுத்து நிற்பதைக் காண்பர். அம்மாளிகைகளின் நடுவே, வலப்புறத்தில், கரிய இரும்பு வாயிலால் அடைக்கப்பட்ட குறுகிய தெரு ஒன்று உண்டு. ஆயுதந் தாங்கிய காவலர் நிற்கும் அவ்வாயிலின் கம்பிகளூடே எட்டிப் பார்த்தால், பக்கவாட்டில் ஒரு வீட்டு வரிசை தெரியும். அதுவே டவுனிங் வீதி. ஆட்சிபீடம் என்றவுடன் கோபுரத்தையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்து வரும் பயணிக்கு இக்காட்சி சற்றே ஏமாற்றம் தருவது இயல்பு. உலகின் பெரும்பரப்பை ஒரு காலத்தில் ஆண்ட பேரரசின் முதலமைச்சர் வாழ்ந்ததும் வாழ்வதும், நகரத்துச் செல்வர் ஒருவரின் வீடுபோல் தோன்றும் இலக்கம் 10 இல்லத்திலேயே ஆகும்.

இவ்வீதியின் தோற்றத்தை அறிய விரும்புவோர், முதலில் வைட்ஹாலின் எதிர்ப்புறத்திலுள்ள விருந்து மண்டபத்தை நோக்குதல் வேண்டும். இனிகோ ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்து 1622ஆம் ஆண்டில் நிறைவுற்ற அம்மண்டபத்தின் முன்னேதான், 1649 சனவரி 30ஆம் நாள் முதலாம் சார்லஸ் மன்னன் தலை துணிக்கப்பட்டான். அரசனுக்கு மரண தண்டனை விதித்த ஆவணத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஜோன் ஓக்கி, ஜோன் பார்க்ஸ்டெட், மைல்ஸ் கோர்பெட் என்போரும் அடங்குவர். இவர்களுள் ஓக்கியின் படைப்பிரிவிற் சமய குருவாகப் பணியாற்றிய இளைஞரே ஜோர்ஜ் டவுனிங். அமெரிக்காவின் ஹார்வர்ட் கல்லூரியில் முதன்முதலாக 1642இல் பட்டம் பெற்றோருள் ஒருவரான இவர், குரோம்வெல்லின் ஆட்சியில் ஒல்லாந்துக்குத் தூதுவராக உயர்ந்தார். 1660இல் முடியாட்சி மீண்டதும், தாம் நேற்றுவரை போற்றியதை மறந்து புதிய மன்னன் இரண்டாம் சார்லசின் பக்கம் சேர்ந்தார். 1662இல், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மறைந்திருந்த ஓக்கி முதலிய மூவரையும் பிடிக்கச் செய்து இலண்டனுக்கு அனுப்பினார். மூவரும் கொலைத்தண்டனை பெற்றனர். டவுனிங்கின் கீழ் எழுத்தராகப் பணியாற்றிய சாமுவெல் பீப்ஸ், தம் நாட்குறிப்பில் அவரது நன்றிகெட்ட செயலைக் கடிந்து எழுதியுள்ளார். மன்னனோ அவருக்குப் பட்டமும் பதவியும் வழங்கினான்.

அத்தகைய ஒருவர் பொருளீட்டும் நோக்கோடு கட்டிய வீடுகளே இவ்வீதியில் எழுந்தவை. 1682ஆம் ஆண்டளவில் தொடங்கிய வேலை, அவர் மறைந்த 1684ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. நிலம் ஈரக்கசிவு மிகுந்தது, அத்திவாரமோ ஆழமற்றது. முகப்புச் சுவரில் செங்கற்களை ஒழுங்காகப் பொருத்துவதற்குப் பதிலாக, ஒழுங்காகப் பொருத்தியதுபோற் கோடுகள் வரைந்து விட்டனர். அக்குறைபாடுகளின் விளைவைப் பிற்காலத்தவர் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தனர். சுவர்கள் இறங்கின, தளங்கள் சரிந்தன. ஈற்றில் 1960களின் தொடக்கத்தில் பிரதமர் ஹரோல்ட் மக்மிலன் வேறிடத்திற் குடியிருக்க நேர்ந்தது. அவ்விடைவெளியில் வீட்டை அடிமுதல் சீர்செய்தனர். அப்பொழுது ஓர் உண்மை வெளிப்பட்டது. கரிய செங்கல் என்று எல்லோரும் எண்ணியிருந்தது உண்மையில் மஞ்சட் செங்கல்லே. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்த நிலக்கரிப் புகையே அதனைக் கருக்கியிருந்தது. எனினும் மக்கள் கண்களுக்குப் பழகிய நிறம் மாறலாகாதென்று, துப்புரவு செய்த சுவருக்குக் கரிய வண்ணமே பூசினர்.

இவ்வீடு முதலமைச்சரின் உறைவிடமான வரலாறும் சிந்தனைக்குரியது. 1732இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னன் இதனைச் சேர் ரொபேர்ட் வால்போலுக்கு அன்பளிப்பாக வழங்க முன்வந்தான். தமக்கென்று பெற்றுக்கொள்ள வால்போல் உடன்படவில்லை. திறைசேரியின் முதற்பிரபு என்னும் தாம் வகித்த பதவிக்கே அது உரியதாதல் வேண்டும் என்று கூறி ஏற்றார். வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் பின்புறத்திலிருந்த பெரிய வீட்டையும் இதனோடு இணைத்துச் செப்பனிட, 1735 செப்டெம்பரில் வால்போல் குடிபுகுந்தார். இன்றும் அக்கதவின் கடிதத் துளையிற் பொறிக்கப்பட்டிருப்பது பிரதமர் என்னும் பெயரன்று. திறைசேரியின் முதற்பிரபு என்பதே. எத்துணைப் பெரிய தலைவராயினும் அவர் அங்கே குடியிருப்பவர் மட்டுமே. இந்திய வமிசாவளியைச் சேர்ந்த ரிஷி சுனக் 2022 ஒக்டோபர் 25ஆம் நாள் அக்கதவினுள் நுழைந்தார். 2024 சூலைத் தேர்தலிற் கட்சி தோற்ற மறுநாளே அதே கதவு வழியாக வெளியேறினார்.

வீட்டின் உள்ளே வாழ்ந்தோரைப் போலவே, வெளியே வந்து நின்றோரும் இவ்வீதியின் வரலாற்றுக்கு உரியவர்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியோருள் எடித் நியூ, ஒலிவியா சிமித் என்னும் இருவர், 1908 சனவரியில் இலக்கம் 10இன் வேலிக் கம்பிகளோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டனர். அதே ஆண்டு சூன் மாதத்தில் எடித் நியூவும் மேரி லீயும் அவ்வீட்டின் சாளரங்களைக் கல்லெறிந்து உடைத்தனர். 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் வந்த காந்தியடிகள், இலக்கம் 10இல் பிரதமர் ராம்சே மக்டொனால்டைச் சந்தித்தார். மறு ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் அதே மக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பை எதிர்த்து, எரவாடாச் சிறையில் அண்ணல் உண்ணா நோன்பு தொடங்கினார்.

இலங்கைத் தமிழர்க்கும் இவ்வீதி அந்நியமானதன்று. குடியேற்ற நாட்டு அமைச்சு நெடுங்காலம் இங்கே இயங்கியது. கொழும்பிலிருந்த தேசாதிபதிகளுக்குச் சென்ற கட்டளை மடல்களின் தலைப்பிற் காணப்பட்ட முகவரி டவுனிங் வீதியே. 1915இல் இலங்கையில் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டபோது, அரசாங்கம் படைச்சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது. பின்னாளில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவும் அவர்களுள் ஒருவர். சட்டநிருபண சபையில் அவ்வடக்குமுறையை எதிர்த்து முழங்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அறுபத்து நான்கு வயதிற் கடல் கடந்து இலண்டன் சென்று சிங்கள மக்களுக்காக வாதாடினார். திரும்பி வந்த அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றதாக வரலாறு கூறும். அவருடைய உரைகளால் முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டனர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஓர் இனத்தவர் மற்றோர் இனத்தவருக்காக மாற்றான் வாயிலிற் சென்று நியாயம் கேட்ட அக்காலத்தை, பின்னிகழ்ந்தவற்றை அறிந்தோர் கலங்காமல் நினைத்துப் பார்த்தல் அரிது.

1980கள் வரை வழிப்போக்கர் எவரும் இவ்வீதியில் நடந்து சென்று, அக்கதவின் முன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஐரியக் குடியரசுப் படையின் தாக்குதல்களுக்கு அஞ்சி 1989இல் இரும்பு வாயில் அமைந்தது. அச்சம் வீணன்று என்பதை 1991 பெப்ரவரி 7ஆம் நாள் காட்டியது. பிரதமர் ஜோன் மேஜர் தலைமையில் அமைச்சரவை கூடியிருந்தபோது, வைட்ஹாலில் நின்ற ஊர்தியிலிருந்து ஏவப்பட்ட எறிகுண்டுகளுள் ஒன்று வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வெடித்தது. அதன்பின் பழைய மரக்கதவு நீங்கியது. அதே உருவில், குண்டுக்கும் அசையாத எஃகுக் கதவு வந்தது. அக்கதவை வெளியிலிருந்து திறக்க இயலாது. உள்ளே நிற்கும் காவலரே திறத்தல் வேண்டும்.

நெடுவழி நடந்து வந்த புலவன் அரண்மனை வாயில் காப்போனிடம் தன் வரவை உணர்த்துமாறு கூறுவதைக் கடைநிலை என்று நம் இலக்கணம் வகுத்துள்ளது. காவலன் குறுக்கே நின்றாலும், வந்தவன் குரல் உள்ளே சென்று சேரும் என்னும் நம்பிக்கையே அத்துறையின் அடிப்படை. டவுனிங் வீதியிலும் அந்நம்பிக்கை முற்றாக அற்றுப் போகவில்லை. முன் அனுமதி பெற்ற சிறு குழுவினர், சோதனைக்கு உட்பட்டு, இரும்பு வாயிலைக் கடந்து சென்று தம் விண்ணப்பத்தை இலக்கம் 10இன் கதவில் இன்றும் நேரிற் கையளிக்கலாம். அனுமதியற்ற ஏனையோர் வைட்ஹாலின் எதிர்ப்புற நடைபாதையிற் பதாகை ஏந்தி நின்று குரல் எழுப்புகின்றனர். மூன்றரை நூற்றாண்டை நெருங்கும் அவ்வீட்டின் அத்திவாரத்தைப் பொறியியலாளர் செப்பனிட்டுவிட்டனர். அங்கு குடியிருப்போரின் ஆட்சிக்கு அத்திவாரமாயுள்ளது, வெளியே நிற்போரின் குரல் உள்ளே கேட்கிறதா என்னும் ஒன்றேயாகும்.